பாறைவேந்தன் மூச்சு விட்ட வருஷம்

நேற்று முழுக்க நம் படக்கதைக் குழுவில் ஒரே கொண்டாட்டம். பாறைவேந்தன் மறுபடியும் வருகிறானாம், கெட்டி அட்டையில், முழு வண்ணத்தில். ஐம்பதைத் தாண்டி, சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிற நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி குதித்துக்கொண்டிருந்தீர்கள். "அக்கா மட்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கைபேசியில் தட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் திரும்பி வருவது இது முதல் தடவை இல்லை. போன தடவை அவன் வந்தபோது எங்கள் வீட்டில் நடந்தது தெரிந்தால் இவ்வளவு துள்ள மாட்டீர்கள்.

நம் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பாறைவேந்தன் சாதாரண ஆள்தான். ஆனால் மூச்சை அடக்கினால் உடம்பு பாறையாகிவிடும். துப்பாக்கிக் குண்டு பட்டுத் தெறிக்கும், கத்தி வளையும். மூச்சை விட்டானோ, போச்சு, மறுபடியும் நம்மைப் போலச் சதையும் ரத்தமும். அவன் அடக்கியிருக்கும் நேரமெல்லாம் கட்டத்தின் ஓரத்தில் ஓவியர் ஒரு சின்ன அகல் விளக்கு வரைந்திருப்பார். கட்டத்துக்குக் கட்டம் சுடர் குறுகிக்கொண்டே வரும். எதிரிகள் இன்னும் நாலு பேர் நிற்பார்கள், விளக்கில் ஒரு பொட்டுத்தான் மிச்சமிருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது உங்களுக்கு மறந்திருக்காது.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவில். இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற ரோட்டில் அப்போது ஜல்லி லாரிகள்தான் போகும். கல்குவாரியும், கல்லை ஜல்லியாக உடைக்கிற கிரஷரும் ஊருக்கு மேற்கே. மத்தியானம் சங்கு ஊதும், ஊரே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும், பிறகு வேட்டு. வீட்டுச் சுவர் ஒரு குலுக்குக் குலுக்கும். புளிய மரங்கள் பச்சையாக இருந்து நான் பார்த்ததில்லை, மழைக்கு மறுநாள் தவிர. திறந்து வைத்த தண்ணீர்க் குடத்தில் சாயங்காலத்துக்குள் ஆடை மாதிரி ஒன்று படிந்துவிடும். அம்மா அதை விரலால் வழித்துப் போட்டுவிட்டு எங்களுக்கு மொண்டு கொடுப்பாள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அந்தக் கிரஷரில் மிஷின் வாயில் நிற்பவர். டிப்பர் லாரி வந்து கல்லைக் கவிழ்க்கும்போது கம்பியால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். கவிழ்க்கிற நேரத்தில் எழும்புகிற தூசியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. சித்தப்பா அந்த வேலைக்குப் போன வயதில்தான் பாறைவேந்தனும் வெளிவந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு இதழும் அவரிடம் இருந்தது. அவனிடமிருந்து அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். கல் விழத் தொடங்கியதும் மூச்சை அடக்குவது, ஓரத்தில் ஒரு விளக்கு எரிவதாக நினைத்துக்கொள்வது, அது அணைவதற்குள் தள்ளி முடித்து நாலு அடி விலகிப் போய் மூச்சு விடுவது. முதலில் சிரித்த கூட்டாளிகள் பிறகு அவரைப் பார்த்துத் தாங்களும் அடக்கப் பழகினார்கள். ஓனர் தருவது வேறு மருந்து. சாயங்காலம் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி. தொண்டையில் இருக்கிற தூசியை அது வயிற்றுக்கு இறக்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். சித்தப்பா தன் கட்டியைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டு எனக்குக் கொண்டுவருவார். கடித்தால் முதலில் மணல் நறநறக்கும், பிறகு இனிக்கும்.

பாறைவேந்தன் பல வருஷம் முன்பே நின்றுபோயிருந்தான். கம்பெனி நொடித்துவிட்டது என்றார்கள். சித்தப்பா பழைய புத்தகங்களை அட்டை தைத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு தவக்காலத்தைப் பற்றி, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. எண்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும். பொங்கல் முடிந்ததிலிருந்தே சித்தப்பாவின் இருமல் நிற்கவில்லை. முந்தின வருஷம் அதே மிஷின் வாயில் நின்ற இரண்டு பேர் இப்படித்தான் இருமி இருமிப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு டிபி என்றார்கள். சித்தப்பாவையும் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார் அப்பா. அவருக்கும் டிபி என்றார்கள். ஒரே இடத்தில் நின்ற மூன்று பேருக்கு ஒரே வியாதி வந்ததே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும், தொற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம், அது சுலபம்.

அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், மாட்டுக் கொட்டகையில் தனிக் கட்டில். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்பு அம்மா அவருடைய பாயைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, கோச்சிக்காதீங்க. எச்சி தொட்டுத் தொட்டுப் பொரட்டுன புக்கு. புள்ளைங்க கை வெக்குதுங்க. இத வூட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார். "கொளுத்துங்க அண்ணி. எல்லாம் மனசுல கீது" என்றார்.

அந்தக் காலத்துச் சிவப்பு மை எரியும்போது பச்சையாக ஒரு சுடர் வந்தது. எனக்கு அம்மாமேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் எங்களுக்காகத்தான் செய்தாள் என்பதும் தெரியும். இரண்டும் என்னிடம் சேர்ந்தே இருக்கின்றன.

சித்தப்பா படுத்துவிட்டதால் மிஷின் வாயில் ஒரு இடம் காலி. அந்த வருஷம் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அப்பாவுக்கு நிலத்தில் வேலையும் இல்லை. பத்தாவது தேறாமல் வீட்டிலிருந்த என் அண்ணனை அப்பா அந்த இடத்துக்கு அனுப்பினார். சித்தப்பா தடுத்துப் பார்த்தார்.

"எனக்கு வந்தது தூசியாலதாண்ணா. நடுவுல கொஞ்ச நாள் அசால்ட்டா இருந்துட்டேன், அடக்காம வுட்டுட்டேன். அதான் புடிச்சிகிச்சு."

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா? தூசிக்குத்தான் வெல்லம் குடுக்கறான்ல?" என்று அப்பா முடித்துவிட்டார்.

அதற்குமேல் சித்தப்பாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் அந்த மிஷினை விட்டு வெளியே வரும்போது நெஞ்சு கெடாமல் வர வேண்டும். கொட்டகை வாசலில் அண்ணனை நிற்க வைத்து, ஒரு முறம் சாம்பலைத் தலைக்கு மேலிருந்து கொட்டி, அடக்கச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் குழந்தையிலிருந்து அந்தப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவன். கண்ணை இடுக்கிக்கொண்டு பாறைவேந்தன் மாதிரியே நிற்பான். தினமும் சாயங்காலம் அவன் வெள்ளைப் புருவத்தோடு வந்ததும் கொட்டகையிலிருந்து குரல் வரும்.

"இன்னாடா, அடக்குனியா?"

"அடக்குனேன் சித்தப்பா."

"வெளக்கு எதுவரிக்கும் வந்துச்சு?"

"பாதி இருக்கறப்பவே வெளிய வந்துட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் கஞ்சி குடிப்பார்.

தவக்காலத்தில் எங்கள் ஊரில் ஆளுக்கொன்றை ஒறுத்தல் என்று விட்டுவிடுவார்கள். அம்மா மீன், அப்பா பீடி. சித்தப்பா படக்கதை படிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். கையில் ஒரு புத்தகம்கூட இல்லாதவன் நேர்ந்துகொள்கிறானே என்று அப்பா கேலி செய்தார். அடுத்த வாரமே சித்தப்பா ஊசி போட்டுக்கொள்ளத் தாம்பரம் போனார். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தான் பாறைவேந்தன். புது கம்பெனி, புது ஓவியர், அட்டை முழுக்க வண்ணம். 'மீண்டும் வருகிறான்' என்று கொட்டை எழுத்து.

வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். "படிங்க சித்தப்பா" என்றேன்.

"நேந்துகினேனே பாப்பா. ஈஸ்டர் பூசை முடியட்டும்." ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் காலிப் பெட்டிக்குள் குப்புற வைத்து மூடினார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அவர் பெட்டியைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். பழசெல்லாம் எரிந்துபோன பிறகு அந்த விளக்கை மறுபடியும் பார்ப்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் வழி.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். சித்தப்பாவும் தடி ஊன்றிக்கொண்டு போயிருந்தார். எனக்குக் காய்ச்சல். அலுத்துப்போய் வந்த அண்ணன் நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். புத்தகத்தை என் பாயருகே கொண்டுவந்து எனக்கும் தெரிகிற மாதிரி பிரித்தான். வழவழவென்ற தாள். நெற்றியில் முடி புரள, சினிமாக்காரன் மாதிரி பாறைவேந்தன். வந்ததும் பாறையாகிறான், பறக்கிறான், பேசுகிறான், சிரிக்கிறான், கடைசிப் பக்கம் வரை பாறையாகவே இருக்கிறான். மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"பாத்தியா பாப்பா? அவனே அடக்கறத வுட்டுட்டான்" என்று அண்ணன் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து அவன் அப்படிச் சிரித்தான். பதினாறு வயசுப் பையன் அவன். புத்தகத்தை இருந்தபடியே குப்புற வைத்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகும் சாயங்காலக் கேள்வி நிற்கவில்லை, பதிலும் மாறவில்லை.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து, குளித்த தலையோடு, கறிச்சோறுகூடத் தொடாமல் சித்தப்பா புத்தகத்தைப் பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கங்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் தேட ஆரம்பித்தார். கட்டம் கட்டமாக விரல் வைத்துக்கொண்டே போனார். முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தேடினார்.

"வெளக்கு எங்க பாப்பா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"இவன் அவன் இல்ல. எவனுக்கோ அவன் சட்டைய மாட்டி வுட்டுட்டானுங்க. சாவே இல்லாதவன் சண்ட போட்டா அதுல இன்னா கீது? நம்ம எதுக்கு அவனுக்காகப் பயப்படணும்?"

உங்களில் பலர் புது இதழ்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுகிறீர்கள். இதைவிடச் சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தனை வருஷம் காத்திருந்த மனிதர், பாருங்கள். அழவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேற்று வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவன் வுட்டு எத்தினி நாளாச்சு சித்தப்பா. நானும்தான் வுட்டுட்டேன். எனக்கு இன்னா ஆச்சு? கல்லு மாதிரி கீறேன் பாரு" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினான்.

சித்தப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணனின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அண்ணன் கூச்சத்தில் நெளிந்தான். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கொட்டகைக்குப் போய்விட்டார். அன்று எங்கள் வீட்டில் கறிச்சோறு மிஞ்சியது.

அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் கிளம்பினார். புத்தகத்தின் பின்னட்டையில் விலாசம் இருந்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்து, மாடியில் ஆபீஸ். படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஆசிரியர் என்று ஒருவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். கெட்டவரில்லை. எங்களை உட்காரச் சொல்லி எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

"சார், அவன் மூச்ச அடக்கணும் சார்" என்றார் சித்தப்பா, எடுத்த எடுப்பிலேயே.

"பழைய வாசகரா?" ஆசிரியர் சந்தோஷமாகச் சிரித்தார். "எனக்கும் அந்த விளக்கு பிடிக்கும்ங்க. ஆனா இப்ப இருக்கற பசங்க அவ்வளவு நேரம் பொறுக்க மாட்டாங்க. எடுத்தவுடனே ஜெயிக்கணும். விளக்கு, மூச்சு எல்லாம் அவங்களுக்கு போர் அடிக்குது."

"எங்க பையன் கிரஷர்ல நிக்கறான் சார். இவன் அடக்கறத பாத்துதான் அவனும் அடக்கிகினு இருந்தான். இத படிச்சிட்டு வுட்டுட்டான். அடுத்த புக்குல மட்டும் ஒரு வெளக்கு போட்டுடுங்க. ஒரே ஒரு எடத்துல. அவன் நம்பிடுவான்."

ஆசிரியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கதைய கதையாப் பாருங்க தம்பி" என்றார். அப்போதுதான் சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. அது லேசில் நிற்கிற இருமல் இல்லை. ஆசிரியர் தன் தண்ணீர்த் தம்ளரைச் சத்தமில்லாமல் மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார். கிளம்பும்போது இரண்டு புத்தகம் இனாமாகக் கொடுத்தார். சித்தப்பா கும்பிட்டுவிட்டு, அவற்றை மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும் பஸ் படப்பை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மரங்கள் வர ஆரம்பித்தன. "இனிமே நான்தான் போய் நிக்கணும்" என்றார் சித்தப்பா. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

டாக்டர் போகக்கூடாது என்றார், அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், அப்பா கத்தினார். சித்தப்பா மறுநாளே கிரஷருக்குப் போய்விட்டார், கூலி இல்லாமல். அண்ணனுக்குப் பின்னால் நிற்பார். டிப்பர் பின்பக்கம் தூக்கியதும் அண்ணனின் முதுகில் பலமாக ஓர் அடி. "அடக்கு!" கல் விழுந்து முடிகிறவரை கையை எடுக்க மாட்டார். தானும் அடக்கப் பார்ப்பார், பாதியிலேயே இருமல் பிய்த்துக்கொண்டு வரும், அந்தத் தூசியை அப்படியே இழுத்துக் குடிப்பார். கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். இருட்டுகிற நேரத்தில் இரண்டு வெள்ளை உருவம் ரோட்டில் வரும். எது சித்தப்பா, எது அண்ணன் என்று கிட்டே வந்தால்தான் தெரியும். நாளாக ஆக, முன்னால் வருகிறது அண்ணன் என்றும் அடிக்கடி நின்று நின்று வருகிறது சித்தப்பா என்றும் தூரத்திலேயே தெரிந்தது.

அண்ணன் முதலில் முறைத்தான். சண்டை போட்டான். ஒரு நாள் "ஊரே சிரிக்குது, வூட்டுக்குப் போ" என்று எல்லோர் முன்னாலும் அவரைத் தள்ளிவிட்டான். அவர் எழுந்து தட்டிக்கொண்டு வந்து, திரும்ப அவன் பின்னாலேயே நின்றார். அதற்குப் பிறகு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அடி விழுவதற்கு முன்பே அடக்க ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் சித்தப்பா போய்விட்டார். சாகும்போது அவர் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது. அண்ணனைக் கூப்பிட்டு, "வுட்டுடாத" என்றார். அண்ணன் தலையாட்டினான்.

அவன் விடவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்குமேல் அதே இடத்தில் நின்றான், ஒரு லோடுக்குக்கூட அடக்காமல் இருந்ததில்லை. புதிதாக வந்த பையன்களின் முதுகிலும் அடித்துப் பழக்கினான். சித்தப்பா பேச்சைக் கேட்காமல் விட்ட அந்தச் சில வாரங்களைப் பற்றி அந்தப் பத்து வருஷத்தில் அவன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதை நினைக்காத நாள் அவனுக்கு இருந்திருக்காது.

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிகள் வந்தபோது அவனுக்கும் ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மெடிக்கலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்தான் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா என்னிடம் படத்தைக் காட்டி, "எந்தக் குவாரி?" என்று கேட்டார். டிபி இல்லை, ஒருகாலும் இருந்ததில்லை, நுரையீரலில் படிந்திருப்பது கல் தூசி, அதற்கு மருந்து கிடையாது என்றார். நான் மூச்சடக்குகிற கதையைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி அடங்கினாலும் தெரியாத தூசி அங்கேயே மிதந்துகொண்டிருக்கும், அடக்கிவிட்டு இழுக்கிற மூச்சு சாதாரண மூச்சைவிடப் பெரிசு, அது இன்னும் ஆழமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தேன். அண்ணன் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனே கேட்டான்.

"அந்தத் தவக்காலத்துல கொஞ்ச நாள் அடக்காம வுட்டேன்ல. அதாலதான் இப்டி ஆச்சுன்னு சொன்னாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழு உண்மையும் வரவில்லை. "இல்லண்ணா. அடக்குனாலும் ஒண்ணுதான், அடக்காட்டியும் ஒண்ணுதானாம். அதால ஒரு பிரயோஜனமும் இல்லயாம். உன் தப்பு ஒண்ணுமே இல்ல" என்றேன்.

இதைக் கேட்டால் அவனுக்கு ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தேன். மாத்திரைச் சீட்டோடு நாலைந்து பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு அவன் என் கையைப் பிடித்தான்.

"கல்லறைத் திருநாளுக்குப் போனா நீ பாட்டுக்கு சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் பேசிகினு நிப்ப. இத மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத."